செல் சவ்வுக்கு எது தேவை என்று எப்படித் தெரிகிறது?

“செல் சவ்வு தேவையான பொருள்களை மட்டும் உள்ளே விடும், மற்றவற்றைத் தடுத்துவிடும் என்று பாடத்தில் படித்தேன். எது தேவை, எது தேவையில்லை என்று அதற்கு எப்படித் தெரிகிறது? தோல் மாதிரி ஓர் உறைதானே அது? அதற்கு உயிர் உண்டா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

சவ்வுக்கு எதுவும் தெரியாது. ஓர் எண்ணெய்ப் படலம், அதில் மிதக்கும் புரதங்கள், அந்தப் புரதங்களில் உள்ள துளைகளின் அளவும் மின்னூட்டமும். இவ்வளவுதான் அங்கே இருக்கிறது. அறிந்து செய்வது போலத் தோன்றுகிற எல்லாமே இவற்றிலிருந்து வருபவை. பாடப்புத்தகங்கள் சவ்வை வாயிற்காவலன் என்று வர்ணிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. காவலன் முகம் பார்த்து முடிவெடுப்பான். சவ்வு அப்படிச் செய்வதில்லை என்பதற்கு நல்ல சாட்சிகள் நஞ்சுகள்தாம். அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். செல் சுவர் வேறு, செல் சவ்வு வேறு. இரண்டு சொற்களும் ஒலியில் நெருக்கமாக இருப்பதாலோ என்னவோ, தேர்வுத்தாள்களில் இவை இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. சுவர் தாவரங்களுக்கும் பூஞ்சைகளுக்கும் பெரும்பாலான பாக்டீரியாக்களுக்கும் உண்டு. விலங்குச் செல்லுக்குக் கிடையாது. சவ்வு எல்லாச் செல்லுக்கும் உண்டு. 1665இல் ராபர்ட் ஹூக் தக்கையின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் பார்த்து, அதிலிருந்த அறைகளுக்குச் ‘செல்’ என்று பெயரிட்டார். அவர் கண்டவை இறந்த செல்கள் விட்டுச்சென்ற சுவர்கள் மட்டுமே. உயிர் இருந்தபோது அந்தச் சுவர்களை உட்புறமாக ஒட்டியிருந்த சவ்வு எப்போதோ அழிந்திருந்தது. அது எஞ்சியிருந்தாலும் அவருடைய கருவியால் காட்டியிருக்க முடியாது. அதன் கொழுப்புப் படலத்தின் தடிமன் சுமார் 5 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குள் இரண்டு லட்சம் சவ்வுகளை அடுக்கிவிடலாம்.

இவ்வளவு மெல்லியது ஏன் கிழிந்துபோவதில்லை என்பதுதான் கேட்கப்பட வேண்டிய முதல் கேள்வி. சவ்வின் அடிப்படைப் பொருள் பாஸ்போலிப்பிடு என்ற கொழுப்பு வகை. அதன் ஒவ்வொரு மூலக்கூற்றுக்கும் ஒரு தலை, இரண்டு வால்கள். தலையில் பாஸ்பேட்டும் மின்னூட்டமும் இருப்பதால் தண்ணீரோடு ஒட்டிக்கொள்ளும். வால்கள் எண்ணெய் போன்றவை, தண்ணீரோடு சேராதவை. எண்ணெய் தண்ணீரை வெறுப்பதாக நாம் பேசிப் பழகிவிட்டோம். நடப்பது ஏறக்குறைய இதற்கு மாறானது. தண்ணீர் மூலக்கூறுகளுக்கு ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் நாட்டம் மிக அதிகம். இடையில் எண்ணெய் வால் ஒன்று வந்தால் அதைச் சுற்றியுள்ள தண்ணீர் மூலக்கூறுகள் தங்கள் விருப்பம்போல் திரும்பிப் பிடித்துக்கொள்ள முடியாமல் கட்டுப்பட்டு நிற்கின்றன. அந்தக் கட்டுப்பாடு குறையும் வகையில் வால்கள் எல்லாம் ஓரிடத்தில் ஒதுக்கப்படுகின்றன. சோப்பு மூலக்கூற்றுக்கு வால் ஒன்றுதான். அதன் உருவம் கூம்பு போன்றது. ஆகவே சோப்பு சிறு உருண்டைகளாகத் திரளும். பாஸ்போலிப்பிடுக்கு வால் இரண்டு. உருவம் ஏறத்தாழ உருளை. ஆகவே அது இரண்டு அடுக்காக, வாலோடு வால் சேர்ந்து, தகடாகப் பரவும். தகட்டுக்கு விளிம்பு இருந்தால் அங்கே வால்கள் தண்ணீரைத் தொட வேண்டிவரும். அதனால் தகடு தானாக வளைந்து, விளிம்பே இல்லாத பையாக மூடிக்கொள்கிறது.

இதைச் செய்ய உயிர் தேவையில்லை. 1960களில் அலெக் பாங்கம் கொழுப்பை உலர்த்தித் தண்ணீர் சேர்த்தபோது, யாரும் எதுவும் செய்யாமலே நுண்ணிய பைகள் உருவாயின. லிப்போசோம் என்ற பெயரில் இன்று மருந்துகளை உடலுக்குள் கொண்டுசேர்க்கும் பைகள் அவைதாம். சவ்வில் துளை விழுந்தால் தானே மூடிக்கொள்வதற்கும் இதுவே காரணம். செயற்கைக் கருத்தரிப்பில் முட்டைக்குள் நுண்ணூசியைச் செலுத்தி விந்தணுவை விட்டுவிட்டு ஊசியை உருவுகிறார்கள். சவ்வு பின்னாலேயே கூடிவிடுகிறது. கிழிசல் பெரிதாக இருந்தால் கொழுப்பின் இயல்பு மட்டும் போதாது. வெளியிலிருந்து கால்சியம் உள்ளே பாயும். அந்த அறிகுறியைக் கண்டு செல்லுக்குள் இருக்கும் சிறு பைகள் கிழிசலை நோக்கி விரைந்து ஒட்டுப் போடுகின்றன.

ஈரடுக்கு என்பதைக் கண்டுபிடித்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1925இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இருவர் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்தெடுத்து, தண்ணீர்ப் பரப்பின் மேல் ஒற்றை அடுக்காகப் பரப்பி, அது பிடித்த இடத்தை அளந்தார்கள். சிவப்பணுவுக்கு உட்கருவோ உள்சவ்வுகளோ கிடையாது. ஆகவே கிடைத்த கொழுப்பு முழுவதும் வெளிச்சவ்வினுடையது. செல்களின் மொத்தப் பரப்பைப் போல அது இரண்டு மடங்கு இடம் பிடித்தது. அப்படியானால் சவ்வில் இரண்டு அடுக்கு. முடிவு சரி, கணக்கு தவறு! அவர்களால் கொழுப்பை முழுவதுமாகப் பிரித்தெடுக்க முடியவில்லை. செல்லின் பரப்பையும் உலர்ந்து சுருங்கிய நிலையில் குறைவாக மதிப்பிட்டுவிட்டார்கள். இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று சரிக்கட்டி, சரியான விடையில் கொண்டுபோய்ச் சேர்த்தன.

இனி, படங்கள் நமக்குச் செய்யும் துரோகம். பாடப்புத்தகப் படத்தில் கொழுப்பு மூலக்கூறுகள் அணிவகுப்புப் போல வரிசையாக, அசையாமல் நிற்கும். உண்மையான சவ்வு ஓர் எண்ணெய். பரப்பில் இரண்டு திசைகளில் மட்டும் ஓடுகிற திரவம். ஒரு கொழுப்பு மூலக்கூறு பாக்டீரியாவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சுமார் ஒரு நொடியில் போய்விடும். 1970இல் ஃப்ரை, எடிடின் இருவரும் மனிதச் செல்லையும் எலிச் செல்லையும் ஒட்டவைத்து ஒன்றாக்கி, மனிதப் புரதங்களுக்கு ஒரு நிறம், எலிப் புரதங்களுக்கு வேறொரு நிறம் என்று ஒளிரும் அடையாளம் கொடுத்தார்கள். முதலில் ஒரு பாதி ஒரு நிறம், மறுபாதி மறு நிறம். 37 டிகிரி வெப்பத்தில் 40 நிமிடங்களில் இரண்டும் முற்றிலும் கலந்துவிட்டன. குளிர்வித்தபோது கலக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1972இல், சிங்கரும் நிகல்சனும் முன்வைத்த, கொழுப்புத் திரவத்தில் புரதங்கள் மிதக்கின்றன என்னும் ‘பாய்ம மொசைக்’ மாதிரிக்கு இந்தச் சோதனை பெரிய பலமாக அமைந்தது. பின்னால் பல திருத்தங்கள் வந்தாலும் அதன் சாரம் இன்றும் நிற்கிறது.

பக்கவாட்டில் இவ்வளவு தாராளமாக ஓடும் மூலக்கூறு, ஓர் அடுக்கிலிருந்து மற்ற அடுக்குக்குக் குட்டிக்கரணம் போடுவது அரிது. தலையை எண்ணெய்க்குள் இழுத்துச் செல்ல வேண்டுமே. உதவி இல்லாவிட்டால் அதற்குப் பல மணி நேரம், சில சமயம் நாள்கள்கூட ஆகும். இந்தச் சோம்பலைச் செல் பயன்படுத்திக்கொள்கிறது. பாஸ்பாடிடைல்செரின் என்ற கொழுப்பை அது உள்ளடுக்கில் மட்டும் வைத்திருக்கிறது. அதற்கென்றே ஆற்றல் செலவழித்து வேலை செய்யும் புரதங்கள் உண்டு. ஒரு செல் திட்டமிட்டு இறக்கத் தொடங்கும்போது அந்த ஏற்பாடு கைவிடப்படுகிறது. கொழுப்பு வெளிப்பக்கம் தலைகாட்டுகிறது. அருகிலுள்ள விழுங்கணுக்களுக்கு அதுவே அழைப்பு. வந்து விழுங்கிவிடுகின்றன.

குளிரில் எண்ணெய் உறைவது போலச் சவ்வும் இறுகும். வாலில் இரட்டைப் பிணைப்பு இருந்தால் அங்கே ஒரு வளைவு விழும். வளைந்த வால்களை நெருக்கி அடுக்க முடியாது. ஆகவே உறைவது தள்ளிப்போகும். குளிர்நீர் மீன்களும் பாக்டீரியாக்களும் வெப்பம் குறையக் குறைய வளைந்த வால்களைக் கூட்டிக்கொள்கின்றன. விலங்குச் செல்களில் கொலஸ்ட்ரால் இரண்டு பக்கமும் வேலை செய்கிறது: வெப்பத்தில் சவ்வு தளர்வதையும் குளிரில் இறுகுவதையும் அது மட்டுப்படுத்துகிறது. கொலஸ்ட்ரால் என்றாலே விஷம் என்று எண்ணுபவர்கள், அது இல்லாமல் தங்கள் உடலில் ஒரு செல்கூட நிற்காது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருவோம். எண்ணெய்ப் படலத்தை எது கடக்கும்? எண்ணெயில் கரைவது கடக்கும். ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு, ஆல்கஹால், ஸ்டீராய்டு ஹார்மோன்கள் எல்லாம் யாரிடமும் கேட்காமல் உள்ளே போகின்றன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஓவர்ட்டன் இதைக் கவனித்து, செல்லின் எல்லை கொழுப்புத் தன்மை உடையதாக இருக்க வேண்டும் என்று ஊகித்தார். தண்ணீர் மூலக்கூறு மிகச் சிறியது என்பதால் ஓரளவு கசியும். சர்க்கரை பெரியது, தண்ணீரை விரும்புவது. மிக மெதுவாகவே கடக்கும். சோடியம், பொட்டாசியம் போன்ற அயனிகள் கடப்பது ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். தண்ணீரோடு ஒப்பிட்டால் அவை கடக்கும் வேகம் நூறு கோடியில் ஒரு பங்கைவிடவும் குறைவு. இத்தனைக்கும் அயனி சின்னஞ்சிறியது. அதன் மின்னூட்டத்தைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகள் இறுகப் பற்றியிருக்கின்றன. அவற்றை உதறிவிட்டு எண்ணெய்க்குள் நுழைய ஆகும் ஆற்றல்செலவு அதற்குக் கட்டுப்படியாகாது.

கொழுப்பு மட்டும் இருந்தால் செல் பட்டினியால் செத்துப்போகும். ஆகவே புரதங்கள். பல சவ்வுகளில் எடைக்கு எடை பாதி புரதம்தான். நரம்பிழையைச் சுற்றியிருக்கும் மயலின் உறையில் நான்கில் ஒரு பங்குக்குக் குறைவு. செல்லின் ஆற்றல் ஆலையான மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் நான்கில் மூன்று பங்கு. உறைக்கு வேலை காப்பது, ஆலைக்கு வேலை உற்பத்தி. புரதத்தின் அளவே இதைச் சொல்லிவிடுகிறது.

தண்ணீருக்கான துளை கிடைத்தது தற்செயலாக. பீட்டர் ஏகர் இரத்தவகைப் புரதம் ஒன்றை ஆராய்ந்துகொண்டிருந்தபோது இன்னொரு சிறு புரதம் கலப்படம் போல வந்துகொண்டே இருந்தது. அது எதற்கு என்று தெரியவில்லை. தவளை முட்டை நன்னீரில் கிடந்தாலும் எளிதில் ஊதாது. அந்தப் புரதத்தை உருவாக்கும் ஆர்என்ஏவை முட்டைக்குள் செலுத்தி நன்னீரில் போட்டார்கள். முட்டை சில நிமிடங்களில் ஊதி வெடித்தது. 1992இல் வெளிவந்த சோதனை இது. அக்வாபோரின் என்று பெயர் பெற்ற அந்தத் துளை ஒன்றின் வழியாக ஒரு நொடியில் சுமார் 300 கோடி தண்ணீர் மூலக்கூறுகள் ஒற்றை வரிசையில் போகின்றன. ஆனால் ஒரு புரோட்டான்கூட, அதாவது ஹைட்ரஜன் அயனிகூட, போவதில்லை.

பொட்டாசியத்துக்கான கால்வாய் இன்னும் விசித்திரமானது. சோடியம் அயனி பொட்டாசியத்தைவிடச் சிறியது. பெரியது போகும் துளையில் சிறியது போக வேண்டாமா? போவதில்லை, பத்தாயிரம் பொட்டாசியத்துக்கு ஒரு சோடியம் என்ற அளவில்தான் நழுவுகிறது. ராடரிக் மெக்கின்னன் 1998இல் கால்வாயின் கட்டமைப்பைக் கண்டறிந்தபோது காரணம் விளங்கியது. கால்வாயின் மிகக் குறுகிய இடத்தில் ஆக்சிஜன் அணுக்கள் வளையங்களாக நிற்கின்றன. பொட்டாசியம் தன்னைப் பற்றியிருந்த தண்ணீரை உதறிவிட்டு உள்ளே வந்தால், தண்ணீர் பிடித்திருந்த அதே தூரத்தில் இந்த ஆக்சிஜன்கள் பிடித்துக்கொள்கின்றன. அதற்கு எந்த இழப்பும் இல்லை. சிறிய சோடியத்துக்கு அந்த வளையம் தொளதொளவென்று இருக்கிறது. தண்ணீரை உதறினால் நட்டம். ஆகவே அது உள்ளே வராமல் வெளியிலேயே நின்றுவிடுகிறது. இந்தத் தேர்வு நடக்கும்போதே நொடிக்குக் கோடிக்கணக்கான அயனிகள் கடந்துபோய்க்கொண்டிருக்கின்றன. ஏகருக்கும் மெக்கின்னனுக்கும் 2003இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆக, ‘தெரிகிறது’ என்று நீங்கள் சொன்னது ஆக்சிஜன் அணுக்களுக்கு இடையிலுள்ள தூரம். தூரம் ஏமாற்றப்படக்கூடியது. தாலியம் என்ற நச்சு உலோகத்தின் அயனி பொட்டாசியத்தின் அளவை ஒத்தது. பொட்டாசியத்தின் வழிகளிலேயே செல்லுக்குள் நுழைந்துவிடும். ஆர்சனிக்கின் ஒரு வடிவமான ஆர்சனேட்டு, உருவத்தில் பாஸ்பேட்டின் அச்சு. பாஸ்பேட்டை ஏற்றிச்செல்லும் புரதமே அதையும் மரியாதையாக உள்ளே கொண்டுவந்து விடுகிறது. தேவை, தேவையின்மை என்று பார்க்கிற காவலன் இருந்தால் இவை நடக்குமா? ஆயிரமாயிரம் தலைமுறைகளில் எந்தத் துளைகள் உதவினவோ அவை எஞ்சின. அறிவு என்று ஒன்று இருந்தால் அது அந்த வடிகட்டலில் இருக்கிறது.

துளை இறக்கத்தில் மட்டுமே ஓடவிடும்: செறிவு அதிகமுள்ள பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு. ஏற்றத்தில் தள்ள வேண்டுமானால் ஆற்றல் வேண்டும். 1957இல் டென்மார்க்கின் ஸ்கூ நண்டின் கால் நரம்புகளில் கண்டறிந்த சோடியம்-பொட்டாசியம் பம்பு அந்த வேலையைச் செய்கிறது. செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. இதன் விளைவாகச் செல்லுக்கு வெளியே லிட்டருக்கு சுமார் 145 மில்லிமோல் சோடியம், உள்ளே 10 முதல் 15 வரை. பொட்டாசியம் உள்ளே சுமார் 140, வெளியே 4 அல்லது 5. நீங்கள் சும்மா படுத்திருக்கும்போது செலவாகும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்காவது இந்த ஒரு வேலைக்குப் போகிறது. பம்பை நிறுத்தினால் சோடியமும் அதன் பின்னால் தண்ணீரும் உள்ளே சேர்ந்து விலங்குச் செல் வீங்கத் தொடங்கும். தாவரத்துக்குச் சுவர் இருக்கிறது, தாங்கிக்கொள்ளும், நமக்கு இல்லை.

இந்த ஏற்றத்தாழ்வால் சவ்வின் இரு பக்கங்களுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு உண்டாகிறது. நரம்புச் செல்லில் சுமார் 70 மில்லிவோல்ட். அற்பம் போலத் தெரியும். ஆனால் அது தாங்கி நிற்பது 5 நானோமீட்டருக்குள். மீட்டருக்குக் கணக்கிட்டால் ஒரு கோடியே 40 லட்சம் வோல்ட். காற்றில் மின்பொறி பறக்க மீட்டருக்குச் சுமார் 30 லட்சம் வோல்ட் போதும். நீங்கள் இதைப் படிக்கும்போது நரம்புகளில் ஓடும் செய்தியெல்லாம் இந்த மின்னழுத்தம் கணநேரம் சரிந்து மீள்வதுதான்.

சேர்த்துவைத்த சரிவைச் செல் வேறு வேலைகளுக்கும் செலவழிக்கிறது. குடல் செல்லில் ஒரு புரதம், இரண்டு சோடியம் இறக்கத்தில் உள்ளே வரும்போது ஒரு குளுக்கோஸையும் கூடவே இழுத்துவருகிறது. 1960இல் ராபர்ட் கிரேன் இதை முன்வைத்தபோது வெறும் ஆய்வகச் செய்தியாகவே இருந்தது. காலராவில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். நோய்க்கிருமியின் நஞ்சு, குடல் செல்லின் குளோரைடு கால்வாய் மூடாமல் திறந்தே இருக்கும்படி செய்துவிடுகிறது. குளோரைடு வெளியேறுகிறது, சோடியமும் தண்ணீரும் பின்தொடர்கின்றன, உடல் வற்றுகிறது. ஆனால் அந்த நஞ்சு சோடியம்-குளுக்கோஸ் புரதத்தைத் தொடுவதில்லை! ஆகவே உப்பையும் குளுக்கோஸையும் சேர்த்துக் கரைத்துக் கொடுத்தால் இரண்டும் உள்ளே போகின்றன, தண்ணீரும் பின்னால் போகிறது. உப்பை மட்டும் கொடுத்தால் இந்த வழி திறக்காது. 2002 முதல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் கரைசலில் லிட்டருக்குச் சோடியம் 75 மில்லிமோல், குளுக்கோஸும் 75 மில்லிமோல். கோடிக்கணக்கான குழந்தைகள் பிழைத்தது சவ்வில் மாட்டியிருக்கும் ஒரு புரதத்தின் தயவால். அதே குளோரைடு கால்வாய் பிறவியிலேயே பழுதாகிச் சரியாகத் திறக்காமல் போனால் வருவது சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். நுரையீரலின் சளி கெட்டிப்பட்டு அடைத்துக்கொள்ளும். திறந்தே இருந்தால் ஒரு நோய், திறக்காவிட்டால் இன்னொரு நோய்.

தோல் என்ற உவமை இங்கே முற்றிலும் உடைந்துவிடுகிறது. தோல் வெளியில்தான் இருக்கும். சவ்வோ உள்ளேயும் நிறைந்திருக்கிறது. கல்லீரல் செல் ஒன்றின் மொத்தச் சவ்வில் வெளிச்சவ்வின் பங்கு சுமார் 2 சதவீதம்; எஞ்சியது எண்டோபிளாச வலை, கோல்கை உறுப்பு, லைசோசோம், உட்கரு உறை, மைட்டோகாண்ட்ரியா போன்ற உள்ளுறுப்புகளின் சவ்வு. மைட்டோகாண்ட்ரியாவின் மடிந்த உள்சவ்வு மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் வரும். உணவை எரித்துக் கிடைக்கும் ஆற்றலைக் கொண்டு அச்சவ்வின் ஒரு பக்கம் புரோட்டான்கள் குவிக்கப்படுகின்றன. அவை திரும்பிப் பாயும்போது ஒரு புரதச் சக்கரம் நிஜமாகவே சுழன்று ஏடிபியை உருவாக்குகிறது. 1961இல் பீட்டர் மிட்செல் இதைச் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. 1978இல் நோபல் கொடுத்தார்கள். அந்தச் சவ்வில் ஓட்டை விழுந்தால் புரோட்டான்கள் சக்கரத்தைச் சுற்றாமலே கசிந்துவிடும். ஆற்றல் வெறும் வெப்பமாகும். பிறந்த குழந்தையின் பழுப்புக் கொழுப்பு இந்தக் கசிவை வேண்டுமென்றே ஏற்படுத்திக்கொண்டு உடலைச் சூடாக வைக்கிறது.

வெளிச்சவ்வும் நிலையான பொருள் அல்ல. விழுங்கணு தன் சவ்வை உள்நோக்கிக் குழித்து, பைகளாகக் கிள்ளி உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கிறது. அரை மணி நேரத்தில் மொத்தச் சவ்வளவுக்கு உள்ளே போய்விடும், அதே அளவு வெளியே திரும்பிவரும். அடியில் தாங்கும் வலையும் உண்டு. சிவப்பணுவின் சவ்வுக்குக் கீழே ஸ்பெக்ட்ரின் என்ற புரதத்தாலான வலை இருக்கிறது. தன்னைவிடக் குறுகிய இரத்த நுண்குழாய்களில் பிதுங்கிப் பிதுங்கி நுழைந்தும் அந்தச் செல் 120 நாள்கள் கிழியாமல் ஓடுவது அதனால்தான். அந்த வலையில் பிறவிக் குறை இருந்தால் செல் உருண்டையாகி, மண்ணீரலில் சிக்கிச் சீக்கிரம் அழியும்.

சவ்வுக்கு உயிர் உண்டா என்ற கடைசிக் கேள்வி. தனியே எடுத்து வைத்தால் அது கொழுப்பும் புரதமும்தான்; உயிர் என்று சொல்ல எதுவும் இல்லை. ஆனால் ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று எண்ண வேண்டியிருக்கும்போது என்ன செய்கிறோம் தெரியுமா? டிரைபான் நீலம் என்ற சாயத்தை ஒரு சொட்டு கலக்கிறோம். சவ்வு முழுதாக இருந்தால் அந்தச் சாயம் உள்ளே நுழைய முடியாது. நுண்ணோக்கியின் கீழ் நிறமில்லாமல் பளிச்சென்று தெரிபவற்றை உயிருள்ளவை என்று எண்ணுகிறோம். நீலம் ஏறியவற்றைச் செத்தவை என்று கழித்துவிடுகிறோம்.